கத்தரிப்பூ நிறமும் நான்கு மூலை மஞ்சளும்

கத்தரிப்பூ நிறத்துக்கும் மஞ்சளுக்கும் ஜென்மப் பகை. மஞ்சளைச் சிவப்போடு சேர்த்தால் ஆரஞ்சு வரும், நீலத்தோடு சேர்த்தால் பச்சை வரும். கத்தரிப்பூ நிறத்தோடு சேர்த்தால் வருவது சேறு. மை தேய்த்து அட்டை செய்கிறவர்கள் முதல் வாரத்திலேயே இதைக் கற்றுக்கொள்கிறார்கள். நானும் ஏகப்பட்ட அட்டையைப் பாழாக்கிக் கற்றுக்கொண்டவள்தான். அப்படியிருந்தும் என் அக்காவின் கல்யாணப் பத்திரிகையில் அந்தச் சேறு வந்து உட்கார்ந்தது. அதுவும் நான்கு மூலையிலும்.

ஹட்டன் டவுனில் ஒரு கொமினிகேஷன் கடையில் எனக்கு வேலை. போட்டோக்கொப்பி எடுப்பது, லெமினேட் பண்ணுவது, கேட்டவர்களுக்கு டைப் அடித்துக் கொடுப்பது. வீடு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்று. போனில் வீடியோ பார்த்துப் பார்த்து இந்த அட்டை வேலையைப் பிடித்துக்கொண்டேன். பிறந்தநாள் அட்டை, மாற்றலாகிப் போகிற டீச்சருக்குப் பிள்ளைகள் கொடுக்கிற அட்டை, இப்படி. டவுனில் என் அட்டைக்கு ஒரு பெயர் உண்டு. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

மைப் பேட்டுகள் கொழும்பிலிருந்து தபாலில் வரும். அதைத் தேய்ப்பதற்கென்றே விற்கிற பிரஷ் எனக்குக் கட்டுப்படியாகாது. நடைபாதையில் விற்கிற மேக்கப் பிரஷை வாங்கிவந்து வேலையை ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அம்மாவுக்கு அதில் ஒரே கேலி. "மூஞ்சிக்கு ஒரு பவுடர் பூச மாட்டேங்குறா, அட்டைக்கு மேக்கப் போடுறா பாரு" என்று லயம் முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள்.

பார்க்கிறவர்களுக்கு லேசான வேலை மாதிரித்தான் தெரியும். பிரஷைப் பேட்டில் தொட்டதும் நேரே அட்டைக்குக் கொண்டுபோகக் கூடாது. பழைய தாளில் இரண்டு சுற்றுச் சுற்றி அதிகப்படி மையை இறக்க வேண்டும். பிறகு அட்டைக்கு வெளியிலேயே தொடங்கி, வட்டம் வட்டமாகச் சுற்றிக்கொண்டே ஓரத்தின் வழியாக உள்ளே வர வேண்டும். தூங்குகிற பிள்ளையின் கன்னத்தைத் தொடுகிற மாதிரி, கையில் பாரமே இருக்கக் கூடாது. இளம் நிறம் முதலில், அடர்ந்த நிறம் பிறகு. இரண்டும் சந்திக்கிற இடத்தில் மறுபடி இளம் நிறத்தைக் கொண்டுவந்து தேய்த்தால் எது எங்கே முடிகிறது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ஒரு நிறத்துக்கு ஒரு பிரஷ். இந்த மைக்கு இன்னொரு குணமும் உண்டு. காய்ந்த பிறகும் தண்ணீர் பட்டால் கிளம்பி வரும். அதனால்தான் கடைசியில் விரலால் துளி தெளித்துத் துணியால் ஒற்றி எடுத்தால், தூறல் விழுந்த மாதிரி வெளிர் புள்ளிகள் பூக்கின்றன. அக்காவுக்கு அந்தப் புள்ளிகள் ரொம்பப் பிடிக்கும்.

அக்கா தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்கிறாள். கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் விட்டுவிட்டுப் போகும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. சில வருஷங்களுக்கு முன்பு நல்லதண்ணி என்கிற ஊர்ப் பக்கம் அவளுக்கு ஒரு இடம் முடிவாகி, பத்திரிகையும் அடித்தாயிற்று. அதற்குப் பிறகு மாப்பிள்ளை வீட்டுத் தாத்தா செத்துப்போனார். மாசக்கணக்காகப் படுக்கையில் கிடந்த மனுஷன். ஆனாலும் "பொண்ணு ராசி சரியில்ல" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார்கள். அப்புறம் வந்த இடமெல்லாம் அந்தக் கதை காதில் விழுந்ததும் வந்த வழியே போய்விட்டது. அந்தப் பேச்சைப் பேசிய நாக்கு அழுகட்டும் என்று எத்தனையோ தடவை சபித்திருக்கிறேன். இன்றைக்கும் அதை வாபஸ் வாங்கவில்லை.

அதன் பிறகு வந்தவர்தான் கினிகத்தேனை மாப்பிள்ளை. குடும்பத்து மளிகைக் கடையில் நிற்கிறவர். சாயங்காலமானால் அக்கா போனைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய்விடுவாள், அங்கேதான் சிக்னல். திரும்பி வரும்போது முகமே வேறாக இருக்கும். அவளுக்கு அவரை அவ்வளவு பிடித்துப்போயிற்று. இதுவும் நின்றுபோனால் இனி எவன் முன்னாலும் தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்க மாட்டேன் என்று எங்களிடம் தெளிவாகச் சொல்லியிருந்தாள். சொன்னால் சொன்னதுதான், அவள் அப்படிப்பட்டவள்.

எங்கள் பயம் மாப்பிள்ளையிடம் இல்லை, அவருடைய பெரியம்மாவிடம். மாப்பிள்ளையின் அப்பா எப்போதோ தவறிவிட்டார். கடை பெரியப்பாவுடையது, வீட்டில் பெரியம்மா வைத்ததுதான் சட்டம். நாங்கள் அவரைப் பெரியத்தை என்று கூப்பிட்டோம். பூனை குறுக்கே போனால் வேனை நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் கிளம்புவாராம். பெண் பார்க்க வந்த அன்றே, "போன எடம் எதனால நின்னுச்சு?" என்று கேட்டார். "சீதனப் பேச்சு ஒத்துவரலங்க" என்று அம்மா வாய்கூசாமல் ஒரு பொய்யை எடுத்துவிட்டாள். அக்கா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

ஊருக்கெல்லாம் கொடுக்கிற பத்திரிகையை ஹட்டனில் அச்சடித்துவிட்டோம். மாப்பிள்ளை வீட்டார் தங்கள் சொந்தங்களுக்குக் கொடுப்பதற்காகத் தாம்பாளத்தில் வைத்துத் தருகிற பத்திரிகைக் கட்டை மட்டும் என் கையால் செய்கிறேன் என்றேன். நான் செய்த முதல் கல்யாணப் பத்திரிகை அது. அக்காவின் கூறைச்சேலை கத்தரிப்பூ நிறம், பத்திரிகையும் அதே நிறத்தில் வேண்டும் என்றாள். வெள்ளை பிரிஸ்டல் போர்டு அட்டையை வெட்டி மடித்து, ஓரமெல்லாம் அடர்ந்த கத்தரிப்பூ, உள்ளே வரவர ரோஸ், நடுவில் வெறும் வெள்ளை என்று தேய்த்தேன். இரண்டு பக்கத்து மையும் வந்து சேர்வதால் மூலைகளில்தான் நிறம் மிகவும் தடிப்பு. அந்த வாரம் முழுக்க மூட்டம். எதுவும் காயவில்லை. அடுப்படியில் கயிறு கட்டி ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டேன். "இது கல்யாண வீடா, கருவாட்டுக் கடையாடி?" என்றாள் அம்மா. எனக்குச் சுருக்கென்று வந்தது. அதற்கு நானும் ஏதோ சொன்னேன். அன்று முழுக்க இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை காலை மாப்பிள்ளை வீட்டார் வருவதாக ஏற்பாடு. பத்தரைக்கு ராகுகாலம், அதற்குள் தாம்பாளம் கைமாற வேண்டும். அப்பா கொழும்பில் ஹோட்டல் வேலையில் இருந்தார், ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் லீவு கிடைத்திருந்தது. நான் வெற்றிலை வாங்க மேல்ரோட்டுக் கடைக்குப் போய்விட்டுத் திரும்பினேன். வாசலிலேயே அம்மா நின்றிருந்தாள். முந்தானை நுனியில் கறுப்புக் கறுப்பாக ஏதோ அப்பியிருந்தது.

"அடுப்புப் புகை பட்டிருச்சு போலடி" என்றாள். குரலே சரியில்லை.

உள்ளே போய்ப் பார்த்தேன். மஞ்சளைக் கெட்டியாகக் குழைத்து, ஒரு பத்திரிகை விடாமல் நான்கு மூலையிலும் வைத்திருந்தாள். மஞ்சள் வைக்காத கல்யாணப் பத்திரிகையை எங்கள் ஆட்கள் கையாலும் தொட மாட்டார்கள். பிறந்ததிலிருந்து பார்க்கிற விஷயம், நான் மையைத் தேய்க்கும்போது அது என் புத்தியில் ஏறவே இல்லை. ஈரத்தில் மஞ்சளாகத்தான் தெரிந்ததாம். அந்த ஈரம் அடியிலிருந்த கத்தரிப்பூ மையைக் கிளப்பி, இரண்டும் கலந்து காயக் காய மூலையெல்லாம் கறுத்துவிட்டது. வெயிலில் பிடித்துப் பார்த்தால் கரும் பழுப்பு என்று சொல்லலாம். மூட்டம் போட்ட அந்தக் காலையில், லயத்துக் காம்பராவின் வெளிச்சத்தில், அது கறுப்பேதான். அம்மா பதறிப்போய் முந்தானையால் துடைத்துப் பார்த்திருக்கிறாள், இன்னும் இழுபட்டிருந்தது.

எங்கள் பக்கம் மூலையில் கறுப்புத் தடவி அனுப்புவது ஒரே ஒரு கடுதாசிக்குத்தான். சாவுக் கடுதாசிக்கு.

அம்மா தலையில் கையை வைத்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள். "அந்தப் பொம்பள இதப் பாத்தா அவ்வளவுதான். எம்புள்ள வாழ்க்க அவ்வளவுதான்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். "என்னையக் கேட்டுட்டு வெச்சா என்னம்மா?" என்று கத்தினேன். "மஞ்சள் வெக்கக்கூடாத கல்யாணப் பத்திரிகைய எந்த நாட்டுலடி செய்வாங்க?" என்று அவளும் கத்தினாள். அக்கா உள்ளறையில் சேலை கட்டிக்கொண்டிருந்தவள் கொசுவத்தைக் கையில் பிடித்தபடியே வந்து நின்று, கட்டைப் பார்த்தாள். மறுபடி உள்ளே போய்க் கொசுவத்தைச் சொருகினாள். அவள் அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலை.

அச்சடித்த பத்திரிகையைத் தாம்பாளத்தில் வைத்துவிடலாமா என்றாள் அம்மா. முடியாது. அக்காவும் அவரும் போனில் பேசிப் பேசி, கையால் செய்த பத்திரிகை வருகிறது என்பது கினிகத்தேனைக் கடைவீதி வரைக்கும் தெரிந்த சங்கதி. தாம்பாளத்தில் மேலாக வைக்க ஒன்றே ஒன்று சரியாக இருந்தால் போதும், மற்றதெல்லாம் இன்னும் காயவில்லை என்று சமாளிக்கலாம். வெட்டிய போர்டு இரண்டு மிச்சம் இருந்தது. கறுத்த கட்டைப் பழைய துணியில் சுற்றி அரிசி வாளிக்குப் பின்னால் தள்ளிவிட்டு மேசையில் உட்கார்ந்தேன்.

அடர்ந்த நிறத்தை வெளிர் நிறம் மறைக்காது. அதனால் மஞ்சள்தான் முதலில் போக வேண்டும். ஈரம் கூடாது, வெறும் பொடி. கத்தரிப்பூவும் மஞ்சளும் ஒன்றையொன்று தொடவே கூடாது, நடுவில் இரண்டோடும் ஒத்துப்போகிற ஒரு நிறத்தை நிறுத்த வேண்டும். ரோஸ் நிற்கும். மஞ்சளோடு சேர்ந்தால் குங்கும நிறமாகும், கத்தரிப்பூவோடு சேர்ந்தால் வாடாமல்லி நிறமாகும். கணக்குச் சரி.

முதல் போர்டில் பஞ்சைச் சுருட்டி மஞ்சள்பொடியைத் தொட்டு நான்கு மூலையிலும் சுற்றிச் சுற்றி ஏற்றினேன். ரோஸ் பிரஷைக் கொண்டுவந்து மஞ்சளின் ஓரத்தை மெல்லத் தொட்டேன். சரியாக வந்தது. திருப்புவதற்காகத் தூக்கினால் கறுத்த கட்டைச் சுற்றியபோது பெருவிரலில் ஒட்டியிருந்த கத்தரிப்பூ மை நடுவில் அப்பிக்கொண்டது. வெள்ளையாக விட்டிருந்த இடத்தில், ரேகையெல்லாம் தெரிகிற மாதிரி. சனியன் பிடித்த கை! எனக்கு நானே ஒரு கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டேன்.

மிச்சம் இருந்தது ஒன்று. சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, துடைத்து, அடுப்பில் காட்டிக் காயவைத்தேன். ஈர விரல் பட்டாலும் போச்சு. மறுபடி மஞ்சள். மறுபடி ரோஸ். அவசரத்தில் கை அழுந்தினால் போர்டு பஞ்சுபஞ்சாகப் பிரிந்துவிடும், அழுந்தாவிட்டால் நிறம் ஏறாது. ஸ்கூல் வளைவில் ஹோர்ன் சத்தம் கேட்டது. "வந்துட்டாங்கடி, வந்துட்டாங்க" என்று அம்மா வாசலுக்கும் மேசைக்கும் நடந்தாள். "கிட்ட வராதம்மா, ஈரக்கை!" என்று சீறினேன். கடைசியாகக் கத்தரிப்பூ. மூலையை விட்டுவிட்டு, நான்கு பக்கத்தின் நடுவிலிருந்து தொடங்கி, ரோஸ் நிற்கிற எல்லையில் பிரஷை எடுத்துவிட வேண்டும். மூன்று பக்கம் முடிந்து நான்காவது பக்கத்தில் இருக்கும்போது படியில் செருப்புச் சத்தம். மூச்சைப் பிடித்துக்கொண்டு முடித்தேன். தூறல் புள்ளி தெளிக்கவில்லை, தண்ணீரைப் பக்கத்தில் கொண்டுவரவே பயமாக இருந்தது. கல்யாண விவரம் அச்சடித்து வைத்திருந்த தாளை உள்ளே ஒட்டி, தாம்பாளத்தில் வெற்றிலைக்கு மேலே வைத்தேன்.

பெரியத்தை பட்டுச்சேலையில் வந்து நடுவில் உட்கார்ந்தார். மாப்பிள்ளையின் அம்மா பின்னாலேயே வந்தார். வெளுத்த நிறச் சேலை, நெற்றியில் திருநீறு மட்டும். கணவனை இழந்தவர் தாம்பாளம் மாற்றும்போது முன்னால் நிற்கக் கூடாதாம். யாரும் சொல்லாமலே கதவோரத்துக் கதிரையில் போய் உட்கார்ந்துகொண்டார். பெற்ற மகனின் கல்யாணப் பத்திரிகை வேறொருத்தி கைக்குப் போவதை அங்கிருந்தே பார்த்தார்.

அம்மா தாம்பாளத்தைக் கொடுக்க, பெரியத்தை வாங்கி மடியில் வைத்தார். பத்திரிகையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மஞ்சளு, குங்குமம் எல்லாம் கலர்லயே கொண்டாந்துட்டியே புள்ள. கடையில அடிச்சாக்கூட இப்படி வராது" என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அம்மா என்னைப் பார்த்த பார்வையில் அந்த வாரத்துச் சண்டையெல்லாம் காணாமல் போயிருந்தது.

"மத்ததெல்லாம் எங்க?" என்றார் பெரியத்தை.

"இன்னும் காயலங்க. ஒரே மூட்டமா இருக்கு பாருங்க. ஞாயித்துக்கிழம இவங்கப்பா கொண்டாந்து குடுப்பாருங்க" என்றாள் அம்மா.

அப்போது அக்கா எழுந்து அடுப்படிக்குப் போனாள். தேத்தண்ணீர் எடுக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். துணிக்கட்டோடு திரும்பி வந்தாள். பெரியத்தைக்கு முன்னால் மேசையில் வைத்து முடிச்சை அவிழ்த்தாள்.

"காஞ்சிருச்சு பெரியத்த. மஞ்சள் வெச்ச எடம் கறுத்துப் போச்சு. அதனாலதான் ஒளிச்சு வெச்சோம்."

பெரியத்தை ஒன்றை எடுத்தார், மூலையைப் பார்த்தார், கையைச் சுட்டது போலக் கீழே போட்டார். "என்ன அக்கிரமம் இது? சாவுக் கடுதாசிய வீட்டுக்குள்ள வெச்சுக்கிட்டா எனக்குத் தாம்பாளம் குடுத்தீங்க?"

"இன்னொன்னும் இருக்கு" என்றாள் அக்கா. "போன எடம் சீதனத்தால நிக்கல. அந்த வீட்டுத் தாத்தா செத்ததுக்கு என் ராசிதான் காரணம்னு நிப்பாட்டுனாங்க. உங்க மகன்கிட்ட நான் முன்னுக்கே சொல்லிட்டேன். உங்ககிட்டத்தான் சொல்லல."

எனக்கு அவளை நாலு அறை விடலாம் போல இருந்தது. இவ்வளவு பாடுபட்டது எதற்கு? அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். பெரியத்தை தாம்பாளத்தை மடியிலிருந்து தூக்கி மேசைமேல் வைத்தார். வெற்றிலை சரிந்தது. "எழும்பு, போவோம்" என்று கதவோரத்தைப் பார்த்துச் சொன்னார்.

"போறதுன்னா போங்க" என்றாள் அக்கா. அவள் குரல் இறங்கவில்லை. "இத மறைச்சு வெச்சு அங்க வந்து என்னால வாழ ஏலாது. நாளைக்கு உங்க வீட்டுல ஒரு கோழி செத்தாலும் என் தலையிலதான விழும்?"

மாப்பிள்ளையின் அம்மா எழுந்தார். வாசல் பக்கம் போகவில்லை, மேசைக்கு வந்தார். கீழே விழுந்த பத்திரிகையை எடுத்து, கறுத்த மூலையைப் பெருவிரலால் தேய்த்து, விரலைப் பார்த்தார்.

"ஏன் புள்ள கறுத்துச்சு?" என்று என்னைக் கேட்டார். எங்கள் வீட்டில் அவர் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"இந்த ரெண்டு கலரும் சேந்தா இப்படித்தாங்க ஆகும் அத்த. சாமி சத்தியமா சகுனமெல்லாம் இல்லங்க, வெறும் கலருங்க" என்றேன்.

அவர் தலையாட்டினார். பிறகு தன் ஓரகத்தியின் பக்கம் திரும்பினார். சத்தம் போடவில்லை.

"எங்க கல்யாணப் பத்திரிகையில மஞ்சள் நல்லா மஞ்சளாத்தான் இருந்துச்சு அக்கா. நீங்கதான் வெச்சீங்க. அவரு எத்தன வருசம் இருந்தாரு?"

பெரியத்தை நின்ற இடத்திலேயே நின்றார். வெளியே வேன்காரர் யாருடனோ சிங்களத்தில் பேசிச் சிரிப்பது கேட்டது.

மாப்பிள்ளையின் அம்மா கறுத்த பத்திரிகைகளை ஒவ்வொன்றாக அடுக்கி, மூலை மடங்காமல் தட்டிச் சரிசெய்து, தன் பைக்குள் வைத்தார். ஒன்றைக்கூட விடவில்லை.

"இதெல்லாம் நானே வீடுவீடாக் கொண்டுபோய்க் குடுக்குறேன்" என்றார். "வேணாங்குறவங்க என் மூஞ்சியப் பாத்துச் சொல்லட்டும்."

அதற்குப் பிறகுதான் அக்கா அழுதாள்.